சொறியும் அரிப்புமுள்ள நாய்க்குட்டிக்கு உணவு தெரிதல்

வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சில வாரங்களுள் நாய்க்குட்டியொன்று ஓயாது உடலைச் சொறியத் தொடங்குவது அரிதான காட்சியன்று. முதலிற் காதோரத்திலும் வயிற்றடியிலும் சிவப்புத் தோன்றும். பின்னர் உரோமம் உதிரும். நாளடைவில் தோல் தடித்துச் செதிள் படர்ந்து நாற்றம் வீசும். இந்நிலையை அடைந்த குட்டியை வீட்டார் உள்ளே சேர்ப்பதில்லை. சில குட்டிகள் சந்தைப்புறத்திலும் தெருவோரத்திலும் கொண்டுபோய் விடப்படுகின்றன. அவ்வாறு விடப்படுவனவற்றுட் பல, தக்க பரிகாரத்தினால் இரண்டு மூன்று மாதங்களிற் குணமடையக்கூடியவை.

சொறி கண்டவுடன் பலரும் செய்வது உணவைக் குறைப்பதாகும். இறைச்சியும் மீனும் முட்டையும் உடலிற் சூட்டை உண்டாக்குகின்றன என்ற எண்ணத்தினால் அவற்றை நிறுத்திவிட்டு, வெறுஞ் சோற்றையோ பாலில் ஊறவைத்த பாணையோ கொடுக்கின்றனர். வளர்ந்த நாய் இதனைச் சில காலம் தாங்கும். வளருங் குட்டி தாங்காது. தோலும் உரோமமும் பெரும்பாலும் புரதத்தினால் ஆனவை. உண்ணும் புரதத்திற் கணிசமான பங்கு அவற்றைப் புதுப்பிப்பதற்கே செலவாகின்றது. ஆகவே சொறியைத் தணிப்பதற்கென வைக்கப்படும் பத்தியமே தோலை மேலும் நலிவிக்கின்றது. அன்றியும், பாலும் கோதுமையும் நாய்களுக்கு ஒவ்வாமை விளைக்கும் உணவுகளின் வரிசையில் முன்னிற்பவை. இறைச்சியை நிறுத்திப் பாலும் பாணும் கொடுத்தவர், காரணத்தை நீக்குவதாக எண்ணிக் காரணத்தையே கூட்டியவராதலும் உண்டு.

உணவுக்கும் அரிப்புக்குமுள்ள தொடர்பு இருவகைப்பட்டது. தோலுக்கு வேண்டிய பொருள் உணவில் இல்லாதிருத்தல் ஒன்று. உடல் ஏற்காத பொருள் உணவில் இருத்தல் மற்றையது. முன்னையதற்குப் பரிகாரம் சேர்த்தல். பின்னையதற்குப் பரிகாரம் நீக்கல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கண்டபடி நீக்குவதனாலேயே கேடு விளைகின்றது. இவ்விரண்டுக்கும் முன்னர், அரிப்பு உணவினால் வந்ததுதானா என்பதைத் துணிதல் வேண்டும்.

உணவை மாற்றுமுன் பார்க்கவேண்டியவை

வெப்பமும் ஈரமுங் கூடிய இந்நாட்டில் குட்டியின் அரிப்புக்குப் பெரும்பாலுங் காரணமாவது உணவன்று. தோலில் வாழும் சிற்றுயிர்களே. தெள்ளுக்கடி வாலடியிலும் தொடையின் உட்புறத்திலும் மிகுதியாகத் தோன்றும். குட்டியை வெள்ளைத் துணியின்மேல் நிறுத்திச் சீப்பினால் வாரினால் கரிய துகள்கள் உதிரும். அவற்றை நீரில் நனைத்த பஞ்சில் வைக்கும்போது செங்கபில நிறம் பரவுமாயின் அவை தெள்ளின் மலமாகும். ஒரு தெள்ளுந் தென்படாவிடினும் இச்சோதனை உண்மையைக் காட்டிவிடும்.

கண்ணுக்குத் தோன்றாத சிற்றுண்ணிகள் இருவகைச் சொறியை உண்டாக்குகின்றன. ஒருவகை காதுமடலின் ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்கி, இரவும் பகலும் ஓயாத அரிப்பைத் தரும். குட்டியைத் தூக்கி விளையாடுஞ் சிறுவரின் கைகளிலும் தற்காலிகமாகத் தொற்றும். மற்றையது குட்டி பிறந்த முதற்சில நாள்களில் தாயின் தோலிலிருந்து வந்து சேர்வது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்காலிலும் உரோமமற்ற வட்டங்களை உண்டாக்கும். தொடக்கத்தில் அரிப்பு மிகக் குறைவு. சிறிய அளவிலுள்ளபோது இது தானாகவே மாறுவதும் உண்டு; உடலெங்கும் பரவினால் வைத்தியம் இன்றியமையாதது. படர்தாமரையும் கொழுக்கிப்புழுவும் குட்டிகளிற் சாதாரணமாகக் காணப்படுவனவே. புழுமருந்து இரண்டு வார வயதிலிருந்தே முறையாகக் கொடுக்கப்படாத குட்டிக்கு எவ்வுணவு கொடுத்தாலும் அதன் பயன் முழுதாகக் கிடைக்காது.

இவற்றைப் பிரித்தறிய மிருக வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பார். சில நிமிடங்களில் முடியும் அச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மாதக்கணக்காக உணவை மாற்றிக்கொண்டிருத்தல் வீண்வேலை. மாட்டுக்கு இடும் ஊசிமருந்தை அளவறியாது குட்டிக்கு ஏற்றுதல் உயிராபத்தானது. வாகன எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சொறிமேற் பூசும் வழக்கத்தையும் அறவே கைவிடல் வேண்டும். அது தோலைப் பொசுக்கும். குட்டி அதனை நக்கி நஞ்சுண்ணும்.

குறையுள்ள உணவு

சிற்றுயிர்கள் இல்லையெனத் தெளிந்தபின், குட்டி இதுவரை என்ன உண்டது என்பதை நேர்மையாக ஆராய்தல் வேண்டும். பெரும்பாலான வீடுகளிற் கிடைக்கும் விடை, சோறும் குழம்பும், சிறிது மீன்முள்ளும் என்பதாகும். வளருங் குட்டியின் உணவில், நீர் நீங்கிய நிறையில் நூற்றுக்கு 22 பங்குக்குக் குறையாத புரதம் இருத்தல் வேண்டும். சோற்றில் உள்ளதோ ஏறக்குறைய 7 அல்லது 8 பங்கு மாத்திரமே. குழம்பு சோற்றுக்கு மணத்தைத் தருமேயன்றிப் புரதத்தைத் தராது.

அடுத்தது கொழுப்பு. தோலின் மேற்படை நீரை இழக்காது காப்பதற்கு இலினோலெயிக்கமிலம் எனப்படும் கொழுப்பமிலம் தேவை. நாயின் உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ளாது, உணவிலிருந்தே பெறவேண்டும். இது குறைந்தவிடத்து உரோமம் பொலிவிழக்கும், தோல் வரண்டு பொடுகு சிந்தும், அரிப்பு உண்டாகும். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டியுள்ளது. உரோமம் மினுங்குவதற்கென்று தேங்காயெண்ணெயைச் சோற்றில் விடுவோர் பலர். தேங்காயெண்ணெயில் இவ்வமிலம் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவிலேயே உண்டு. நல்லெண்ணெயில் நாற்பது பங்குக்கு மேல் உண்டு. எனவே குட்டியின் பருமனுக்கேற்ப நாளொன்றுக்குக் காற் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை நல்லெண்ணெய் சேர்த்தலே பயன்றரும். மலம் இளகினால் அளவைக் குறைத்தல் வேண்டும். சூடை, சாளை போன்ற சிறுமீன்களின் கொழுப்பு வேறொரு வகையினது. தோலின் அழற்சியைத் தணிக்க உதவுவது. இம்மீன்களை உப்பின்றி அவித்துக் கொடுக்கலாம். பச்சைமீன் ஆகாது, சிலவகை மீன்களிலுள்ள ஒரு நொதியம் விற்றமின் பீ1ஐ அழித்துவிடும். கருவாட்டில் உப்பு மிகுதி.

மூன்றாவது நாகம் என்னும் கனிப்பொருள். தானியமும் தவிடுமே பெரும்பகுதியாக உள்ள உணவில் பைற்றிக்கமிலம் மிகுந்திருத்தலால் நாகம் உடலிற் சேர்வதில்லை. அத்தகைய உணவுண்ணும் குட்டிகளின் வாயோரம், கண்ணோரம், பாதத்தின் அடி ஆகியவிடங்களிற் கனத்த பொருக்கு உண்டாகும். எலும்பு வலுப்பெறுமென்று அளவுக்கு மிஞ்சிக் கல்சியத் தூள் கொடுத்தாலும் இதே விளைவு ஏற்படும். இந்நோய் தகுந்த உணவினால் விரைவில் மாறும். இதனைச் சொறியென எண்ணி உணவை மேலுங் குறைப்பவர் குட்டிக்கு இரட்டைத் தீங்கு செய்கின்றார்.

இவ்வகைக் குட்டிகளுக்குத் தனி உணவெதுவும் வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்து, அவித்த மீன் அல்லது எலும்பு நீக்கிய கோழியிறைச்சி, அவித்த முட்டை, மசித்த பூசணி என்பவற்றைக் கூட்டினாற் போதும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோற்றின் என்னும் விற்றமினை உடலிற் சேரவிடாது; ஆதலால் முட்டையை அவித்தே கொடுத்தல் வேண்டும். எலும்பில்லா இறைச்சியிற் கல்சியத்தைப் போற் பத்து மடங்குக்கு மேற்பட்ட பொசுபரசு இருப்பதால், வீட்டுணவுக்குக் கல்சியமுஞ் சேர்க்கப்படல் வேண்டும். நீர் நீங்கிய நிறை 300 கிராம் வரும் உணவுக்கு ஏறத்தாழ 3 கிராம் கல்சியம் தேவை. நன்கு காய்ச்சி உலர்த்தி மாவாக இடித்த முட்டையோடு 8 கிராமில் அஃது உண்டு. இதற்கு மேற் சேர்த்தல், குறிப்பாகப் பெருஞ்சாதிக் குட்டிகளுக்கு, எலும்புக் கோளாறுகளை உண்டாக்கும். தோல் தேறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் செல்லும்; பத்து நாளிற் பலன் காணாது கைவிடுவோர் மிகப் பலர்.

ஒவ்வாத உணவு

மேற்கூறியன யாவுஞ் சரியாயிருந்தும் அரிப்பு நீங்காது, காது அடிக்கடி சீழ்ப்பிடித்து, குட்டி பாதங்களை நக்கி, மலவாயைத் தரையில் உராய்ந்து, இளகிய மலத்தை நாளுக்குப் பலமுறை கழிக்குமாயின் உணவொவ்வாமையை ஐயுறலாம். ஒரு வயது நிரம்புமுன் தொடங்கும், பருவமாற்றத்தால் மாறாத அரிப்பு இந்த ஐயத்தை வலுப்படுத்தும். ஒவ்வாமை பொதுவாகப் புதிய உணவால் வருவதன்று. பலகாலம் தின்று பழகிய உணவிலேயே வருவது. நேற்று மாற்றிய உணவைக் குற்றஞ்சாட்டுதல் பெரும்பாலும் பொருந்தாது. 2016 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உணவொவ்வாமை உறுதிப்பட்ட 297 நாய்களுள் நூற்றுக்கு 34க்கு மாட்டிறைச்சியும், 17க்குப் பாலுணவுகளும், 15க்குக் கோழியிறைச்சியும், 13க்குக் கோதுமையும் காரணமாயிருந்தன. இக்கணக்கு பிற நாடுகளின் நாய்களையே பெரிதுஞ் சார்ந்தது. ஒரு வீட்டுக் குட்டிக்கு எது ஒவ்வாது என்பது அக்குட்டி எதை உண்டு வளர்ந்தது என்பதைப் பொறுத்ததே.

இதனை அறிய நம்பத்தகுந்த முறை ஒன்றே. இரத்தச் சோதனையும் உரோமச் சோதனையும் இதற்கு நம்பத்தக்கன அல்ல. குட்டி முன்னர் ஒருபோதும் உண்ணாத ஒரு புரதத்தையும் ஒரு மாப்பொருளையும் தெரிந்து, எட்டு வாரத்துக்கு அவற்றையன்றி வேறெதனையும் கொடாதிருத்தலே அம்முறை. ஐந்து மாதக் குட்டியொன்று சோறு, சூடைமீன், பாண், பால், கோழி ஆகியவற்றை உண்டு வளர்ந்தது எனக் கொள்ளலாம். அதற்கு ஆட்டிறைச்சியும் வற்றாளைக்கிழங்கும் பொருந்தும். மீன் பொருந்தாது, அது பழகிய உணவு. மலைநாட்டில் மாட்டிறைச்சியும் கோழியும் உண்டு, மீனையே அறியாது வளர்ந்த குட்டிக்கோ மீன் மிகப் பொருந்தும்; ஆட்டிறைச்சியின் விலையும் மிச்சமாகும். மாட்டிறைச்சி உண்டு வளர்ந்ததற்கு எருமையிறைச்சி புதிய உணவாகாது. இரண்டின் புரதமும் நெருங்கிய உறவுடையவை.

இம்முறை கெடுவது பெரும்பாலும் வீட்டாரின் இரக்கத்தினாலேயாகும். பிள்ளைகள் மேசையின் கீழ் நீட்டும் ஒரு பிஸ்கற்றுத் துண்டு, அயல்வீட்டார் எறியும் எலும்பு, பூனையின் தட்டில் எஞ்சியது, இறைச்சிச் சுவை ஊட்டிய புழுமாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் பல வார முயற்சியை வீணாக்கவல்லது. வீட்டிலுள்ளோர் யாவருக்கும் முன்கூட்டியே அறிவித்து, வேலைக்கு வருவோரையும் எச்சரித்தல் வேண்டும்.

எட்டு வாரத்தில் அரிப்புத் தணிந்தாலும் ஒவ்வாமை உறுதியானதாகக் கொள்ளலாகாது. பழைய உணவை மீண்டுங் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீளுமாயின் ஐயம் உறுதிப்படும். பின்னர்ப் பழைய உணவிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, குற்றவாளி எதுவெனக் கண்டு அதனை மட்டும் விலக்கலாம். இவ்விறுதிப் படியைச் செய்யாது விடுவோர், தேவையற்ற பத்தியத்தை நாயின் வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடும். எட்டு வாரத்திற் சிறிதும் மாற்றமில்லையெனின் காரணம் உணவன்று. வீட்டுத்தூசியிலுள்ள சிற்றுயிர்கள், பூந்தாது முதலியவற்றால் வரும் ஒவ்வாமையை வைத்தியர் ஆராய்வார். குட்டியை உடனே வழக்கமான நிறையுணவுக்குத் திருப்புதல் வேண்டும்.

ஓர் இறைச்சியும் ஒரு கிழங்குமான உணவு வளர்ச்சிக்குப் போதாது என்பதை மறத்தலாகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு, கல்சியமும் பிற கனிப்பொருள்களும் விற்றமின்களும் வைத்தியர் குறித்த அளவிற் சேர்க்கப்பட்டாலன்றி இதனைத் தொடங்கலாகாது. புரதத்தை மிக நுண்ணிய கூறுகளாகச் சிதைத்து, வளருங் குட்டிக்கும் போதுமானதாக ஆக்கப்பட்ட உணவு வைத்தியரிடம் கிடைக்குமாயின், விலை கூடினும் சிறுகுட்டிக்கு அதுவே பாதுகாப்பானது. வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, நிறை ஏறாது நின்றால் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

கடையில் வாங்கும் உணவு

பொதியின் முகப்பிலுள்ள படத்தையும் பெரிய எழுத்தையும் நம்பாது, பின்புறத்திலுள்ள பொருட்பட்டியலை வாசித்தல் வேண்டும். ஆட்டிறைச்சிச் சுவையுடையது என்று எழுதியவற்றிற் கோழியே முதற்பொருளாயிருத்தல் கூடும். நாய்க்குட்டிக்கான நிறையுணவு என்று குறிக்கப்பட்டதையே வாங்கல் வேண்டும். பொதியைத் திறந்தபின் காற்றுப் புகாத தகரத்தில், ஈரம் படாத இடத்தில் வைத்து ஒரு மாதத்துள் முடித்துவிடுதல் நன்று; மழைக்காலத்திற் பூஞ்சணமும் சிற்றுண்ணிகளும் பெருகிய உணவே அரிப்பைத் தூண்டும்.

எவ்வகை உணவாயினும் வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த குழம்பு குட்டிக்கு ஆகாது. அவை செங்குருதிக் கலங்களை அழித்து இரத்தசோகையை விளைவிக்கும். முந்திரிகை வற்றலும் சொக்கிலேற்றும் நாய்க்கு நஞ்சு.

முகமும் உதடும் வீங்கிய குட்டி, கழுத்தில் கட்டிகள் தோன்றிய குட்டி, சீழ்வடியும் குட்டி, உணவை மறுத்துச் சோர்ந்த குட்டி ஆகியவற்றுக்கு உணவாராய்ச்சி செய்து காலங் கடத்தலாகாது. அவற்றை அன்றைக்கே அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்லல் வேண்டும். செல்லும்போது குட்டி பிறந்ததிலிருந்து உண்ட உணவுகள், கொடுத்த மருந்துகள், அரிப்புத் தொடங்கிய நாள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போதல் வைத்தியருக்குப் பேருதவியாகும்.