ஜெயித்தவர் மேலே போகவில்லை!

2025 ஜூன் மாதம் நமது தலைநகரில், புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி அரங்கில் ஓர் அனைத்துலகப் போட்டி நடந்தது. ‘நேஷன்ஸ் கோப்பை’ என்று பெயர். பந்து என்றால் கால்பந்துதான் என்றிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இது நடந்ததே தெரிந்திருக்காது.

உலக ஹாக்கியில் இப்போது படிகள் உண்டு. மேல்படி ‘புரோ லீக்’. ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற ஒன்பது நாடுகள் அதில் ஆடுகின்றன. அதற்கு அடுத்த நிலையில் உள்ள எட்டு நாடுகளுக்குத்தான் இந்த நேஷன்ஸ் கோப்பை. இதில் ஜெயித்தவர் மேலே ஏறலாம். மேலே கடைசியாக வந்தவர் கீழே இறங்க வேண்டும். இதுதான் சட்டம்.

நம் மலேசியா முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானோடு 3-3 என்று சமநிலை கண்டது. ஆனால் அரையிறுதிக்குப் போகவில்லை. சொந்த மண்ணில் இப்படி ஆனது வருத்தம்தான். இறுதியாட்டத்தில் நியூசிலாந்து 6-2 என்று பாகிஸ்தானைப் போட்டு வாங்கியது.

கூத்து அதற்கப்புறம்தான். ஜெயித்த நியூசிலாந்து, “மேல்படி எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டது! காரணம் பணம். புரோ லீக் ஒரே ஊரில் பத்து நாளில் முடிகிற போட்டி அல்ல. மாதக்கணக்கில் நாடு விட்டு நாடு பறக்க வேண்டும். டிக்கெட்டு, தங்கல், சாப்பாடு என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். “மண்டோர் வேலை தர்றோம், ஆனா மோட்டார் சைக்கிளை நீயே வாங்கிக்கோ” என்றால் நம்ம ஆள் என்ன செய்வான்? அந்தக் கதைதான். தோற்ற பாகிஸ்தானை அழைத்தார்கள். அங்கே அரசாங்கம் கைகொடுத்ததால் அது போய்ச் சேர்ந்தது.

இது முதல் தடவையும் அல்ல. 2022-ல் தென்னாப்பிரிக்கா அயர்லாந்தை வென்றது. மேலே போனதோ அயர்லாந்து. 2024-ல் போலந்தில் நியூசிலாந்துதான் ஜெயித்தது. அப்போதும் மேலே போகவில்லை. மூன்று கோப்பை நடந்து மூன்றிலும் ஜெயித்தவர் ஏறவில்லை என்றால், அந்தச் சட்டத்தை என்னவென்று சொல்வது?

வசதியில்லாதவனும் மேலே வந்த காலம் ஒன்று இருந்தது. 1975-ல் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ணம். புல்தரை ஆட்டம். ஸ்ரீ சண்முகநாதன், பத்மராஜன், பாலசிங்கம், மகேந்திரன் என்று நம்மவர் பெயர்களும் அந்தக் குழுவில் இருந்தன. ஹாலந்தையே 2-1-ல் வீழ்த்தினார்கள். அரையிறுதியில் இந்தியாவை 2-1 என்று முந்தி நின்றபோது, முடிய சில நிமிடம் இருக்கையில் அஸ்லம் ஷேர் கான் கோல் போட்டுச் சமப்படுத்தினார். கூடுதல் நேரத்தில் 3-2 என்று கை நழுவியது. நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் அதற்கு மேல் மலேசியா இன்றுவரை போனதில்லை.

மறு வருஷம், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதோடு ஆட்டமே மாறிப்போச்சு. அந்தத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். புல்லில் பழகியவன் கை அதற்கு ஈடு கொடுக்காது. போடுவதற்கும் பராமரிப்பதற்கும் பெரிய முதல் வேண்டும். தோட்டத்துத் திடலில் அதற்கு எங்கே போவது? பட்டணத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆக, நியூசிலாந்துக்கு விமானச் செலவு; செம்பனைக்காட்டுப் பையனுக்கு வேன் செலவு. கட்டை, காலணி, பல் காப்பு வேறு. ஆசை இருக்கிற பிள்ளை ஒன்றிரண்டு எந்தத் தோட்டத்திலும் இருக்கும். உங்கள் தோட்டத்து விளையாட்டு மன்றத்தின் அடுத்த கூட்டத்தில், கால்பந்து ஜெர்சிக்குப் போக மிச்சம் எத்தனை வெள்ளி இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். வாரம் ஒருநாள் வேன் வாடகைக்கு அது தேறுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.