மண்ணின் உறுதியும் மின்சாரமும்

தளர்ந்த மண் பெருங்கட்டடத்தின் சுமையைத் தாங்காது. ஆதலின், அதனோடு சிமெண்டைக் கலந்து இறுகச் செய்வர். கலவை எங்கும் சீராக இறுகியதா என்பதை எவ்வாறு அறிவது? மாதிரித் துண்டுகளை 28 நாள் வைத்திருந்து நசுக்கிப் பார்ப்பது வழக்கம். ஆயினும், துண்டு எடுக்காத இடத்தின் நிலை அதனால் விளங்காது. இக்குறையை மின்சாரம் ஓரளவு போக்குகிறது.

ஈர மண்ணில் மின்சாரம் பெரும்பாலும் துளைகளிலுள்ள நீரின் வழியாகவே பாய்கிறது. சிமெண்டு அந்நீரோடு வினைபுரிந்து இறுகுங்கால், நீர் குறையும், துளைகள் சுருங்கும், மின்தடை உயரும். நான்கு உலோகக் கம்பிகளை வரிசையாக ஊன்றி, வெளிக்கம்பிகளின் வழியே மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, உட்கம்பிகளிடையே மின்னழுத்தத்தை அளந்தால் அத்தடை புலனாகும். தடை குறைந்த இடத்தில் சிமெண்டும் குறைந்திருக்கலாம். எனினும், ஈரமும் உப்பும் வெப்பமும் தடையை மாற்ற வல்லன. ஆதலின், நசுக்கிய துண்டுகளின் வலிமையோடு ஒப்பிட்ட பின்னரே அம்மண்ணை நம்பிச் சுவர் எழுப்புவர்.