டெஃப்ளான் கட்டையில் நகரும் விண்கலம்

நான்ஸ்டிக் தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் காக்கும் டெஃப்ளான், விண்கலத்தையும் தள்ளும். 1964 நவம்பரில் செவ்வாயை நோக்கிச் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸோண்ட்-2 கலத்திலேயே இந்த வகை எஞ்சின்கள் இருந்தன. இதன் பெயர் துடிப்பு பிளாஸ்மா உந்தி.

அமைப்பு எளிது. எதிரெதிரே இரண்டு உலோக மின்முனைகள்; நடுவே சோப்புக் கட்டி போல ஒரு டெஃப்ளான் கட்டை. பின்னாலிருந்து ஒரு சுருள்வில் அதை அழுத்திக்கொண்டே இருக்கும்; முன்விளிம்பில் உள்ள சிறு தடுப்பு அதை நிறுத்திவைக்கும். சூரியத் தகடு தரும் மின்சாரம் மின்தேக்கியில் சேர்கிறது. ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தெறிக்கவிட்டதும், சேர்ந்த மின்சாரம் டெஃப்ளானின் முகத்தில் சில மைக்ரோ நொடிகளில் பாய்ந்து தீர்கிறது. மேல்தோல் ஆவியாகிப் பிளாஸ்மாவாகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலமே பிளாஸ்மாவை வெளியே வீச, கலம் எதிர்த்திசையில் நகர்கிறது. கட்டை தேயத் தேய, சுருள்வில் அதை முன்னே நகர்த்தும். எரிபொருள் தொட்டி இல்லை, குழாய் இல்லை, வால்வு இல்லை. கசிவதற்கு எதுவுமே இல்லை.

1968 செப்டம்பரில் அமெரிக்கா ஏவிய எல்.இ.எஸ்-6 செயற்கைக்கோளில் ஒரு துடிப்புக்குச் செலவானது சுமார் 10 மைக்ரோகிராம் டெஃப்ளான். அந்தக் கணக்கில் ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் துடிப்புகள்! அத்தகைய ஒரு துடிப்பு, 1 கிலோ எடையுள்ள கலத்தின் வேகத்தை நொடிக்குச் சுமார் 26 மைக்ரோமீட்டர்தான் கூட்டும். லட்சம் துடிப்புகள் முடியும்போது அது நொடிக்கு இரண்டரை மீட்டராகிவிடும். தள்ளுவிசை இவ்வளவு நுண்மையாக இருப்பதால், கலத்தை இம்மியளவு திருப்பவும் இது உதவும். நாசா 2000இல் ஏவிய இ.ஓ-1 செயற்கைக்கோளில் அதைச் செய்து காட்டினார்கள்.

குறையும் உண்டு. மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே உந்துவிசையாகிறது. துடிப்பு முடிந்த பிறகும் சூடான முகத்திலிருந்து கொஞ்சம் டெஃப்ளான் வீணாக ஆவியாகும்.

இன்னொரு திடப்பொருளும் இப்போது களத்தில் இருக்கிறது. அது அயோடின். சூடாக்கினால் ஆவியாகும் அயோடினை அயனியாக்கி, மின்புலத்தால் வீசுகிறார்கள். பிரான்சின் த்ரஸ்ட்மீ நிறுவனம் 2020 நவம்பரில் ஏவப்பட்ட ஒரு சீனச் செயற்கைக்கோளில் இதை இயக்கி வென்றது. இத்தகைய எஞ்சின்களில் வழக்கமாகப் பயன்படும் விலையுயர்ந்த செனான் வாயுவும் அதற்கான உயர் அழுத்தக் கலனும் தேவைப்படவில்லை.

ராக்கெட்டில் பெரிய செயற்கைக்கோளுக்குத் துணையாக ஏறும் சிறு கலங்களில் அழுத்தக் கலன் இருந்தால் எல்லோருக்கும் கவலை. திடக் கட்டையில் அந்தக் கவலை இல்லை. பணி முடிந்த சிறு கலம் குப்பையாகச் சுற்றாமல் தானே கீழிறங்கவும் ஓர் எஞ்சின் வேண்டும். அந்த வேலைக்கு இந்தச் சிறு கட்டை போதும்.