அரிசி விலை ஏறினால் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் நமக்கு அரிசி விலை என்பது கடையில் குத்தி வைத்திருக்கும் விலை அட்டையும் 26 கிலோ மூட்டையும்தான். விலை ஏறும்போது, விவசாயிக்காவது நாலு காசு கிடைக்கட்டும் என்று தேற்றிக்கொள்கிறோம். அந்தக் காசு அவரிடம் போகிறதா?

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்தால் முறையே 2,500, 2,545 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி தேறும். அப்படியானால் அரசிடம் நெல்லை விற்கும் விவசாயிக்கு ஒரு கிலோ சன்ன அரிசிக்குக் கிடைப்பது சுமார் 38 ரூபாய். அதற்கு மேல் நாம் கொடுப்பது அரவை, லாரி வாடகை, கிடங்கு, கமிஷன், கடை லாபம் எனப் பிரிகிறது. பழைய அரிசிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையும் இருப்பு வைக்க வசதியுள்ளவருக்கே போகிறது.

களத்தில் முடிவாகும் விலை

செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் அறுவடை செய்பவரால் காத்திருக்க முடியாது. அறுவடை இயந்திர வாடகை, உரக்கடை பாக்கி, நகைக்கடன் எல்லாம் அப்போதே கழுத்தை நெரிக்கும். அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை வந்தால் அது கைமீறிப் போகும். 2025 அக்டோபரில் டெல்டாவில் குறுவை நெல் நனைந்தபோது, இந்த வரம்பை 22 சதவீதமாக்கும்படி தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்டது இதனால்தான்.

காய வைத்துக் காத்திருக்க முடியாதவர், களத்துக்கே வரும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார். சில மாதம் கழித்து விலை ஏறும்போது அவர் கையில் நெல் இல்லை. சாப்பாட்டுக்கு அவரும் கடையில்தான் அரிசி வாங்குகிறார்.

மார்க்கம் காட்டும் வழி

சரக்குடன் வருபவர்களைச் சந்தைக்கு வருமுன் வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை தெரியாமல் விற்றவருக்கு, தெரிந்த பின் அந்த விற்பனையை முறிக்கும் உரிமையையும் தந்தார்கள். பதுக்குபவர் பாவி என்றார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கச் சொன்னார்கள். இவை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் இதில் பாடம் உண்டு.

நம்மில் அரிசி வியாபாரம் செய்வோர், பேரம் பேசுமுன் அன்றைய அரசு விலையை விவசாயியிடம் சொல்லலாம். எடையைச் சரியாக வைத்து, பணத்தை உடனே கொடுக்கலாம். ஜமாஅத்துகள் நோன்புக் கஞ்சிக்கும் ஃபித்ராவுக்கும் மூட்டை மூட்டையாக அரிசி வாங்குகின்றன. 2026இல் ரமலான் பிப்ரவரியில், சம்பா அறுவடையை ஒட்டி வருகிறது. பக்கத்து மாவட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் நேரடியாக வாங்கினால் இடைச்செலவு குறையும். நியாயமான விலை விவசாயிக்குச் சேரும். புது அரிசி குழையும் என்பார்கள். கஞ்சிக்கு அது குறையே இல்லை.

கொடுக்கல் வாங்கலில் நீதியைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.