அதிர்வு தாங்கியும் அளவு நாடாவும்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர், பின்சக்கரத்தின் இருபுறமும் சாய்ந்து நிற்கும் ஷாக் அப்சார்பரை முதுகுவலிக்கு ஏற்பட்ட பரிகாரமாகவே கருதுகிறார்கள். ஆசனத்தில் அமர்ந்தவருக்குக் குலுக்கல் குறைவது அதன் பலன்களில் ஒன்று என்பது மெய்யே. ஆயினும், அந்தச் சாதனத்தின் பிரதான காரியம், பாதை எத்தனை மேடுபள்ளமாக இருந்தாலும் டயரைத் தரையை விட்டு எழும்ப விடாமல் பிடித்து வைப்பதுதான். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கினால் பயனில்லை. என்ஜினின் சக்தியாலும் பயனில்லை. வளைவில் வண்டியைத் தாங்கும் பிடிப்பும் அதற்கு இல்லை. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக வேறொன்றைப் பொருத்த விரும்புகிறவர் எதை வாங்க வேண்டும், வாங்கியபின் என்ன செய்ய வேண்டும் என்பவை தாமே தெளிவாகும்.

உதாரணமாக, நம் சென்னையோடு உறவு கொண்ட புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். பின்சக்கரத்தைச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்துவிட்டு, சவாரி செய்கிறவரின் ஆசனத்துக்கு அடியில் மட்டும் சுருள்வில் வைத்துக் கொடுப்பதே பல கம்பெனிகளின் வழக்கமாக இருந்த 1948-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியார், மேலும் கீழும் ஊசலாடும் ஒரு கவையில் பின்சக்கரத்தைக் கோத்து, எண்ணெய் நிரப்பிய இரண்டு ஷாக்குகளால் அதைத் தாங்கி, 350 சி.சி. புல்லட்டின் முன்மாதிரியை வெளிக்கொணர்ந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடைபெற்ற சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில் வாகை சூடிய பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றதும், புதிய அமைப்பைப் பற்றிய ஐயம் நீங்கலாயிற்று. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு அந்த வண்டி சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேரூன்றியது. அதன் வழித்தோன்றலான கிளாசிக் 500 வண்டியில் பின்சக்கரம் மேலும் கீழும் செல்லக்கூடிய தூரம் 80 மில்லிமீட்டர். வில்லின் இறுக்கத்தை ஐந்து படிகளில் மாற்றலாம். புதிய ஷாக் தன் கடமை முழுவதையும் இந்த 80 மில்லிமீட்டருக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

ஷாக் அப்சார்பர் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அதில் இருப்பவை இரண்டு உறுப்புகள். வெளியே தெரியும் சுருள்வில், சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்கிச் சக்தியைச் சேமித்து, அடுத்த கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வில் மட்டும் தனித்திருந்தால், ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல் நெடுநேரம் ஆடுவதுபோல வண்டியும் துள்ளிக்கொண்டே செல்லும். அந்தத் துள்ளலை அடக்குவது வில்லின் நடுவே மறைந்திருக்கும் குழாய். அதனுள் எண்ணெயில் மூழ்கிய பிஸ்டன் ஒன்று நகர்கிறது. பிஸ்டனில் உள்ள நுண்ணிய துவாரங்களை மெல்லிய எஃகுத் தகடுகள் மூடியிருக்க, எண்ணெய் அவற்றை வளைத்து நெருக்கியடித்துச் செல்லும்போது, துள்ளலின் சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் சென்று நிறுத்தியதும் ஷாக்கின் உடலைத் தொட்டால் அது சுடுவதன் காரணம் இதுவே.

ஆனால் எண்ணெயும் காற்றும் ஒரே குழாயில் சேர்ந்து வேகமாகக் கலக்கப்பட்டால் நுரை தோன்றும். நுரை துவாரங்களின் வழியே தடையின்றி ஓடிவிடுமாதலால், அடக்கும் ஆற்றல் சிறிது சிறிதாகக் குன்றும். பிரெஞ்சு பொறியியலாளர் டி கார்பன் என்பவர், எண்ணெய்க்கும் வாயுவுக்கும் இடையே மிதக்கும் பிஸ்டன் ஒன்றை வைத்து, மறுபுறத்தில் நைட்ரஜனை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, எண்ணெயில் குமிழி தோன்ற இடமின்றிச் செய்யும் முறையைப் பிரபலமாக்கினார். இன்று விலை மிகுந்த ஷாக்குகளின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய குப்பி, அந்த வாயு அறையேயன்றி வேறில்லை. அதனைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் தோன்றாதிருப்பது க்ஷேமம்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை உள்ள நீளம். ஒரு சென்டிமீட்டர் அதிகமான ஷாக்கைப் பூட்டினால் வண்டியின் பின்புறம் உயரும். அதனால் முன்ஃபோர்க் சற்றே செங்குத்தாகி ஹாண்டில் சுறுசுறுப்பாகத் திரும்பும். நேர் பாதையில் இருந்த நிதானம் குறையும். முகவிளக்கின் ஒளி தரையை நோக்கித் தாழும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும். அடுத்துக் கேட்க வேண்டியது வில்லின் வன்மை. கடையில் பெட்டியோடு கிடைப்பது, தயாரித்தவர் மனத்தில் கற்பித்துக்கொண்ட ஒரு சராசரி மனிதரின் எடைக்கு ஏற்றதேயாகும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கும், மனைவியையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் செல்லும் நூறு கிலோக்காரருக்கும் ஒரே வில் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

பொருத்தும் வேலை கடினமானதல்ல. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இருபுறத்து ஷாக்குகளையும் ஒருசேரக் கழற்றாமல், ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கத்துக்குச் செல்ல வேண்டும். அப்போது மற்றொரு ஷாக் சக்கரத்தை அதன் இடத்திலேயே தாங்கிக்கொண்டிருக்கும். கவனத்துக்குரிய இடம் துளைக்குள் இருக்கும் ரப்பர் புஷ். அதன் நடுவே உள்ள எஃகுக் குழல், சட்டத்தின் முளையில் ஆட்டமில்லாமலும், சுத்தியலால் அடித்து ஏற்றத் தேவையில்லாமலும் வழுக்கிச் செல்ல வேண்டும். மேலும் அந்தக் குழல் ரப்பரைவிட மயிரிழை நீளமாக இருத்தல் அவசியம். அப்பொழுதுதான் வாஷரும் நட்டும் குழலை இறுக்கிப் பிடிக்க, ரப்பர் நசுங்காமல் தன் போக்கில் முறுகும். நட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகிவிட்டு, வண்டியைச் சக்கரங்களின்மேல் இறக்கி நிறுத்தியபின், கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்குவது உத்தமம். பிறகு வில்லுக்கும் செயின் கவசத்துக்கும், குப்பிக்கும் சைலன்சருக்கும், நம் நாட்டு வண்டிகளுக்கே உரிய சாரி கார்டுக்கும் இடையே போதிய வெளி இருக்கிறதா என்று, ஆள் ஏறிய நிலையிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்புற உயரம் மாறியிருந்தால் செயினின் தளர்ச்சியையும் மறுபடி சரிபார்ப்பது கட்டாயம்.

மெக்கானிக் பணம் பெற்றுக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்துவைக்கும் இந்த இடத்தில் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு வேண்டியவை ஓர் அளவு நாடாவும், உதவிக்கு ஒரு நண்பரும். பின்சக்கரத்தின் அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஓர் அடையாளம் இட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அது 560 மில்லிமீட்டர் என்று கொள்வோம். வண்டி தன் எடையில் தரைமேல் நிற்கும்போது 550 ஆகவும், வழக்கமான உடையோடு ஓட்டுகிறவர் ஏறி அமர்ந்ததும் 535 ஆகவும் குறைந்தால், வண்டியின் எடைக்கு 10 மில்லிமீட்டரும், ஆளோடு சேர்த்து 25 மில்லிமீட்டரும் வில் அமுங்கியிருக்கிறது என்று பொருள். மொத்த ஓட்டமான 80 மில்லிமீட்டரில் கால் பங்குக்குக் குறையாமலும், மூன்றிலொரு பங்குக்கு மிகாமலும் இந்த இரண்டாவது அமுக்கம் இருப்பது சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருத்தம். ஏனெனில், மேட்டில் சக்கரம் மேலேறுவதற்கு இடம் வேண்டுவதுபோலவே, பள்ளத்தில் கீழிறங்கித் தரையைத் தேடிப் பிடிப்பதற்கும் இடம் வேண்டும்.

அமுக்கம் மிகுந்தால், கொக்கிச் சாவியால் வில்லின் வளையத்தைத் திருப்பி இறுக்கலாம். ஆனால் அவ்வாறு இறுக்குவதால் வில்லின் வன்மை கூடுவதில்லை. வண்டி நிற்கும் உயரம் மட்டுமே கூடுகிறது. ஆள் அமர்ந்த அளவு சரியாக வந்தும், ஆளில்லாத வண்டி சற்றும் அமுங்காமல் விறைத்து நின்றால், வில் ஓட்டுகிறவரின் எடைக்கு மெலிந்தது என்று அறிந்து, வன்மையான வில்லை வாங்குவதே வழி. வில் சரியானபின், ஷாக் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகைக் கவனிக்கலாம். ஆசனத்தை அழுத்தி விட்டால் வண்டி ஒரே சீராக எழுந்து அடங்க வேண்டும். எழுந்தபின் மீண்டும் ஆடினால் தடை போதாது. சோம்பலாக எழுந்தால் தடை மிகுதி. தடை மிகுந்தால், அடுத்தடுத்து வரும் குழிகளில் ஷாக் நிமிர அவகாசமின்றி மேலும் மேலும் சுருங்கி, கடைசியில் கல்லைப்போல் இடிக்கும். இதனை அறியாமல், இடிக்கிறதே என்று திருகை இன்னும் இறுக்குகிறவர்கள் பலர்.

இத்தனையும் அளந்து, எண்களை ஒரு காகிதத்தில் குறித்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளையும் அளவுகளையும் மறுமுறை பார்த்தால், கொடுத்த பணத்துக்கு உரிய பலன் கைகூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புதிய ஷாக் வாங்குவதற்கு முன்பே இந்த அளவைப் பழைய ஷாக்கோடு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். அதில் எண்ணெய் கசியாமலும் தடை குன்றாமலும் இருந்து, அமுக்கம் மட்டும் தவறியிருந்தால், வளையத்தை ஒரு படி மாற்றியதோடு காரியம் முடிந்து, பணம் பையிலேயே தங்கிவிடுவதும் உண்டு.