உஷார்! ‘48 வோல்ட்’ ஸ்டிக்கரை நம்பி சார்ஜ் போடாதீர்கள்

பிள்ளையார்பாளையத்திலும் பெரிய காஞ்சிபுரத்தின் மற்ற தெருக்களிலும் பழைய மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் மற்ற வேலையை ஓரம் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். வண்டியில் இருந்த ஈய பேட்டரி செத்துப்போய், அந்த இடத்தில் லித்தியம் பேட்டரி மாட்டியிருக்கிறீர்களா? சார்ஜர் மட்டும் பழையதா? அப்படியானால் இன்று ராத்திரி அதை பிளக்கில் செருகாதீர்கள்.

“அதுவும் 48, இதுவும் 48. போடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது” என்று மாட்டிக் கொடுத்தவர் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டின் மேலும் 48 என்றுதான் எழுதியிருக்கிறது. வினையே அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஈய பேட்டரியில் 12 வோல்ட் பெட்டிகள் நான்கு தொடராகச் சேர்ந்தால் 48. அதை முழுக்க நிரப்ப, சார்ஜர் 58, 59 வோல்ட் வரை கொடுக்கும். அதற்கு அது சரி. லித்தியத்தில் ‘48’ என்று விற்பதிலோ முக்கியமாக இரண்டு வகை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. ஒன்று. அதில் பெரும்பாலும் 13 செல்கள் தொடராக இருக்கும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். ஆக மொத்தம் 54.6. இன்னொன்று இரும்பு பாஸ்பேட், கடைக்காரர்கள் எல்.எஃப்.பி. என்பது. அதில் 16 செல்கள், செல்லுக்கு 3.65 வோல்ட், மொத்தம் 58.4.

இப்போது அந்தப் பழைய 59 வோல்ட் சார்ஜரை 13 செல் பேட்டரியில் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு செல்லுக்கும் 4.5 வோல்ட்டுக்கு மேல் ஏறப் பார்க்கும். 4.2-ஐத் தாண்டினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், சூடு ஏறும், உள்ளிருக்கும் கரைசல் சிதைந்து வாயுவாகும். ஒரு செல் வெடித்தால் அதன் சூட்டில் பக்கத்து செல்லும் வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் உள்ளே பி.எம்.எஸ். என்ற சிறு பலகை இருக்கிறது. அளவு மீறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நல்ல பலகை துண்டிக்கும். மலிவுப் பேட்டரியில் எந்தப் பலகை இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. தெரியாத அந்த ஒரு பலகையை நம்பித்தான் வீடே தூங்குகிறது.

“இதே மாதிரி எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கேன்” என்று மெக்கானிக் சாதிப்பதற்கும் காரணம் உண்டு. அவர் முன்பு மாட்டியவை எல்.எஃப்.பி.யாக இருந்திருக்கும். அதன் 58.4, பழைய சார்ஜரின் அளவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். போதாக்குறைக்கு இரும்பு பாஸ்பேட் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்தத் தைரியத்தில் அடுத்த வண்டிக்கு என்.எம்.சி. வரும்போதும் அதே சார்ஜர் போகிறது.

ஜரிகையை உரசி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்து வாங்குகிற ஊர் இது. பேட்டரியை உரசிப் பார்க்க முடியாது. அதன் மேல் அச்சிட்ட எழுத்துகளைத்தான் படிக்க வேண்டும். செல்லின் மேல் ‘ஐ.என்.ஆர். 18650’ என்று இருந்தால், ‘ஐ’ என்பது லித்தியம் அயனி. இரண்டாவது எழுத்துதான் உயிர்நிலை: ‘என்’ நிக்கல், ‘சி’ கோபால்ட், ‘எம்’ மாங்கனீஸ், ‘எஃப்’ இரும்பு. ‘ஆர்’ உருளை வடிவம். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதே கணக்கில் ‘ஐ.எஃப்.ஆர். 32700’ என்றால் 32 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள இரும்பு பாஸ்பேட் செல். 18650 செல்லில் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்து விற்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த அளவுக் குழாயில் நல்ல கம்பெனிச் செல்லுக்கே 3,500 பக்கம் வந்தால் பெரிது.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்பவர்களுக்கு: 2022 மார்ச் கடைசியில், நமக்குப் பக்கத்து ஊரான வேலூரில், ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் வண்டி ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த லாட்ஜுக்கு ஏறி 8 பேரைக் கொன்றது. இரண்டு இடத்திலும் புகைதான் எமன்.

நம் நெசவாளர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். நீளமான, குறுகலான வீடு. கூடத்தில் பள்ளத்தறி, வாசலை ஒட்டிய நடையில் வண்டி, அங்கேயே பிளக். வெளியே போக இருப்பது அந்த ஒரு வழி. பட்டு சட்டென்று பற்றிக்கொள்ளாது, உண்மைதான். மரத் தறியும் அட்டைக் கட்டுகளும் அப்படியா?

வேலூருக்குப் பிறகு மத்திய அரசு ‘ஏ.ஐ.எஸ். 156’ என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தது. அது கம்பெனியிலிருந்து வரும் புது வண்டிக்கு. தெருமுனையில் செல்களைக் கோத்து, நீலப் பிளாஸ்டிக் உறை சுற்றிக் கொடுக்கும் பேட்டரியை அந்தச் சோதனைக்கு யாரும் அனுப்புவதில்லை.

ஆகவே பேட்டரி வாங்கும்போது மூன்றை ரசீதில் எழுதி வாங்குங்கள்: என்.எம்.சி.யா எல்.எஃப்.பி.யா, எத்தனை செல் தொடர், முழு சார்ஜில் எத்தனை வோல்ட். சார்ஜரின் அடியில் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் அதே எண் இருக்க வேண்டும். 54.6 என்றால் 54.6தான், ‘சுமார்’ என்ற பேச்சே கூடாது. எழுதித் தர மறுத்தால் கடையை மாற்றுங்கள். வெளியே போகும் வழியை மறித்து வண்டியைச் சார்ஜில் போடாதீர்கள். தூங்கும் நேரத்தில் எந்த வண்டியையுமே போடாதீர்கள். புகையோ ‘உஸ்’ என்ற சத்தமோ வந்தால் அணைக்கப் போகாமல் எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு ஓடி, 101-ஐ அழையுங்கள்.

இன்னொரு சனியன், இதைவிடச் சின்னது. பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் சன்னதிப் பக்கம் விற்கும் மினுக்கு விளக்குப் பொம்மைகளுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். எல்.ஆர். 44, ஏ.ஜி. 13 என்று இரண்டு பெயரில் வருவது ஒரே அளவுதான். வீட்டு எடைமெஷினிலும் சர்க்கரை பார்க்கும் கருவியிலும் இருக்கிற சி.ஆர். 2032 இன்னும் மோசம். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்ளும் அளவு அது. 3 வோல்ட் பாய்ந்து, அங்கே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கும். தீர்ந்துபோன பேட்டரியும் அரிக்கும். எச்சில் ஒழுகினால், சாப்பாட்டைத் தள்ளினால், பேட்டரி ஒன்று காணவில்லை என்றால், சளி என்று நினைத்துக் கஷாயம் வைக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தை ஓட்டாமல் 108-ஐ அழைத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே “பட்டன் பேட்டரி முழுங்கியிருக்கலாம், முதல்ல எக்ஸ்ரே எடுங்க” என்று சொல்லுங்கள்.