உயரத்துக்குள் ஒளிந்திருந்த நோய்

பன்னிரண்டு வயதிலேயே ஃப்ளோ ஹைமன் ஆறடி உயரம். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் வளர்ந்தவர்; எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டாவது. அந்த வயதில் எந்தப் பெண்ணுக்கும் அப்படியொரு உயரம் கூச்சமாகத்தான் இருக்கும். குறுகி நடக்காதே, இதில் பெருமைப்படு என்று சொல்லிச் சொல்லியே வீட்டார் அவரை நிமிர வைத்தார்கள். அப்பா ஆறடிக்கு மேல், அம்மாவும் கிட்டத்தட்ட ஆறடி. மகள் பனைபோல் வளர்வதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் 196 சென்டிமீட்டரில், அதாவது ஆறடி ஐந்து அங்குலத்தில் வளர்ச்சி நின்றது.

அந்த உயரம் அவரைக் கைப்பந்துக்குக் கொண்டுவந்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் பெண் அவர்தான். ஆனாலும் படிப்பை முடிக்காமலே தேசிய அணிக்குப் போய்விட்டார். அமெரிக்கப் பெண்கள் அணி அப்போது ஒன்றுமில்லாத நிலையில் இருந்தது. 1976 ஒலிம்பிக்கிற்குத் தகுதிகூடப் பெறவில்லை. ஆரி செலிங்கரின் கடுமையான பயிற்சியில் அதே அணி 1978 உலகப் போட்டியில் ஐந்தாம் இடம் பிடித்தது. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் அமெரிக்கா அந்தப் போட்டியையே புறக்கணித்தது. நான்கு ஆண்டு காத்திருந்து, தன் சொந்த ஊரான லாஸ் ஏஞ்சலிஸில் 1984இல் களமிறங்கியபோது ஹைமனுக்கு 30 வயது. இறுதியாட்டத்தில் சீனாவிடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள். பெண்கள் கைப்பந்தில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பிறகு ஜப்பானின் டாய்எய் நிறுவன அணிக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகப் போனார். ஊருக்கு வரும்போது, பெண்களின் விளையாட்டு உரிமையைக் காக்கும் சட்டத்துக்காக குடிமை உரிமைப் போராளி கொரெட்டா ஸ்காட் கிங் போன்றவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தார்.

1986 ஜனவரி 24. மட்சுயே நகரில் ஓர் ஆட்டம். வழக்கமான மாற்று முறையில் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து தோழிகளை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் சரிந்தார். அன்று மாலையே உயிர் பிரிந்தது. வயது 31.

மாரடைப்பு என்றுதான் முதலில் சொன்னார்கள். குடும்பத்தாரால் அதை ஏற்க முடியவில்லை. உடல் கலிபோர்னியாவுக்கு வந்ததும் பிரேதப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அவர்கள் அப்படிப் பிடிவாதம் பிடித்திருக்காவிட்டால் உண்மை அவரோடே மண்ணுக்குள் போயிருக்கும். இதயம் நன்றாகவே இருந்தது. அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனிதான் கிழிந்திருந்தது. அருகிலேயே இன்னொரு பழைய கிழிசலும் இருந்தது; சில வாரங்களுக்கு முன் ஏற்பட்டு, ஆறத் தொடங்கியிருந்த புண். அதோடுதான் அவர் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். காரணம், மார்ஃபன் நோய்க்குறி.

1896இல் பாரிஸில் அன்டுவான் மார்ஃபன் என்ற குழந்தை மருத்துவர், கைகால்களும் விரல்களும் விசித்திரமாக நீண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. உடலின் இணைப்புத் திசுவில் ஃபிப்ரில்லின் என்றொரு புரதம் உண்டு. மிக நுண்ணிய இழைகளாகச் சேர்ந்து, திசு இழுபட்டு மீள்வதற்குத் துணைநிற்பது அது. இந்தப் புரதம் அடையாளம் காணப்பட்டது, ஹைமன் இறந்த அதே 1986இல். 15ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணுவில் ஏற்படும் பிழைதான் மார்ஃபனுக்குக் காரணம் என்பது 1991இல் தெரியவந்தது.

பெருந்தமனிக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து சுருங்க வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை. ஃபிப்ரில்லின் குறைபட்டால், விரிந்த சுவர் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகிறது. ஒருநாள் உட்படலம் கிழிகிறது. ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளக்கிறது. எம்பிக் குதித்து முழு பலத்தோடு பந்தை அறையும்போது ரத்த அழுத்தம் எகிறும். பலவீனமான சுவருக்கு அது இன்னும் ஆபத்து.

எலும்பு ஏன் நீள்கிறது என்ற கேள்வி ஆய்வாளர்களை வெகுநாள் குழப்பியது. இழை பலவீனமானால் சுவர் தளரலாம், கால் எப்படி நீளும்? ஃபிப்ரில்லின் வெறும் தாங்கு இழை அல்ல, வளர்ச்சிச் சமிக்ஞை தரும் ஒரு மூலக்கூறைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வேலையும் அதற்கு உண்டு என்பது 2000க்குப் பிறகே புரியத் தொடங்கியது. கட்டு தளர்ந்தால் அந்தச் சமிக்ஞை மிகையாகிறது; எலும்பு நீள்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஹைமனிடம் வெளியே தெரிந்தவை உயரம், ஒல்லியான உடல், நீண்ட கைகள், கிட்டப்பார்வை, அவ்வளவுதான். தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்க வைக்கும் உடல்வாகு, கைப்பந்து அணியில் இயல்பாகிவிடுகிறது. வலைக்கு மேல் எட்டும் கைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஆட்டம் இது. உயரமானவர்கள் கூட்டத்தில் உயரம் ஓர் அறிகுறியாகத் தெரியாது. பெற்றோரும் உயரம் என்பதால் கேள்வி கேட்க இன்னொரு காரணமும் போய்விட்டது. எந்த மருத்துவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கும் வசதி அப்போதே இருந்தது என்பது மனதை அறுக்கிறது.

உயரமான எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களால் மூடினால் அதன் நகம் முழுதும் சுண்டுவிரலைத் தாண்டி வெளியே நீட்டுவது, இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் உயரத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுவது, வளைந்த முதுகெலும்பு, குழிந்தோ முன்தள்ளியோ இருக்கும் மார்பு, இடம் விலகிய கண் வில்லை ஆகியவற்றில் சில சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

1972இல் வெளியான ஆய்வில், மார்ஃபன் உள்ளவர்கள் இறந்த சராசரி வயது 32. இன்று பலர் எழுபதைத் தொடுகிறார்கள். தமனியின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், ஆண்டுதோறும் எக்கோ, தமனி 5 சென்டிமீட்டர் அளவுக்கு அகன்றதும் கிழிவதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து செயற்கைக் குழாய் பொருத்துவது ஆகிய மூன்றும் கொடுத்த ஆயுள் அது. லொசார்டன் என்ற இன்னொரு மாத்திரை எலிகளிடம் பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் 2014இல் முடிவு வந்த பெரிய மருத்துவ ஆய்வில் பீட்டா பிளாக்கரைவிட அது மேலானதாக இல்லை.

பெற்றோரில் ஒருவருக்கு மார்ஃபன் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வருகிறது. எனவே வீட்டில் ஒருவருக்குத் தெரியவந்தால் மற்றவர்களையும் சோதிக்க வேண்டும். ஹைமனின் மரணத்துக்குப் பிறகு அவருடைய சகோதரர்களில் ஒருவரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் மார்ஃபன் இருந்தது. தமனி கிழிவதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள்.